மேக இடைவெளியில் ஆழ்வானப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கொழும்பு மொட்டைமாடிகளில் நின்று நெபுலாக்களையும் (விண்வெளியின் வாயு, தூசித் திரள்கள்) விண்மீன் கொத்துகளையும் படமெடுக்க முயலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எல்லாக் கடிதத்திலும் ஏதோவொரு வடிவில் மேகம் இருக்கிறது. அதனால் பதில்கள் பலவும் ஒரே இடத்துக்குத்தான் திரும்பி வரும்: நீண்ட திறப்புநேரத்தை (கமரா ஒரு படத்துக்கு ஒளியை வாங்கும் நேரம்) மறந்துவிடுங்கள், குறுகிய படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள்.

என்னிடம் 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கமரா, 18–55 மி.மீ. வில்லை, 50 மி.மீ. எப்/1.8 வில்லை, ஒரு முக்காலி இருக்கின்றன. வானத்தின் நகர்வோடு கமராவைத் திருப்பும் ட்ராக்கர் கருவி இல்லை. தொடர்மாடியின் மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலாவை எடுக்க முடியுமா? மேகம் பத்து நிமிடங்கூட சேர்ந்தாற்போல் விடுவதில்லை.
— வாசகர், வெள்ளவத்தை

முடியும். 50 மி.மீ. வில்லையை மாட்டுங்கள். 18–55 வில்லை 55 மி.மீ.இல் எப்/5.6 வரைதான் திறக்கும். அப்போது ஒளி நுழையும் துளை 10 மி.மீ. மட்டுமே. 50 மி.மீ. வில்லையை எப்/2.8இல் வைத்தால் துளை 18 மி.மீ., அதாவது மூன்று மடங்குக்கும் கூடிய ஒளி. எப்/1.8 வரை முழுவதும் திறக்க ஆசை வரும். திறந்தால் ஓரத்து விண்மீன்களுக்குச் சிறகு முளைக்கும், பிரகாசமானவற்றைச் சுற்றி ஊதா வளையம் விழும். எப்/2.8 நல்ல நடுவழி.

அடுத்தது திறப்புநேரம். பூமியின் சுழற்சியால் வான நடுக்கோட்டருகே (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கோடு) ஒரு விண்மீன் செக்கனுக்கு 15 விகலை நகர்கிறது; ஒரு பாகையில் 3600 விகலை. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சரில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3.7 மைக்ரோன். 50 மி.மீ. வில்லையில் அந்தப் பிக்சல் வானத்தில் பார்க்கும் அகலமும் 15 விகலைதான். ஆகவே ஒரு செக்கனுக்கு ஒரு பிக்சல் இழுபடும். பலரும் சொல்லும் “500 விதி” (500ஐ வில்லையின் முழுச்சட்டகச் சமநீளத்தால் வகுத்துத் திறப்புநேரம் காண்பது) உங்களுக்கு 6 செக்கன் தரும். அதில் விண்மீன் ஆறு பிக்சல் கோடாகிவிடும். 2.5 செக்கன் வையுங்கள். ஐ.எஸ்.ஓ 1600. ரோ கோப்பு (கமரா திருத்தாத மூலக் கோப்பு). வெள்ளைச் சமநிலை பகல்வெளிச்சம். கமராவிலுள்ள “நீண்ட திறப்பு இரைச்சல் நீக்கம்” கட்டாயம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், 2.5 செக்கனில் சில கமராக்கள் அதைத் தாமாகவே இயக்கி, ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 2.5 செக்கனை விழுங்கிவிடும். மேகத்தோடு ஓடிப்பிடிக்கும்போது அந்த நேரம் பொன். வில்லையில் நடுக்கத் தடுப்பு இருந்தால் அதையும் அணையுங்கள்.

குவியத்தை நெபுலாவில் பிடிக்காதீர்கள். சிரியஸ் நட்சத்திரத்தைத் திரையின் நடுவே கொண்டுவந்து, நேரடிக் காட்சியை 10 மடங்கு பெருக்கி, விண்மீன் மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தைக் கடந்து போய்த் திரும்பி வாருங்கள். வில்லையிலுள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். கிடைத்ததும் குவிய வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள்.

இன்டர்வலோமீட்டரை (இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்க வைக்கும் கருவி) 4 செக்கன் இடைவெளியில் 100 படங்களுக்கு ஓடவிடுங்கள். அது 400 செக்கன். அதற்குள் வானம் 1.7 பாகை நகர்ந்திருக்கும். கமராவைத் திருப்பி ஓரியனை மறுபடி நடுவில் வைத்து அடுத்த 100. நான்கு தடவை செய்தால் 400 படங்கள், மொத்தம் 1000 செக்கன் ஒளி. ஒவ்வொரு தடவையும் சட்டகம் சரியாக அதே இடத்தில் அமையாது, அது நல்லதுதான். சென்சரின் நிலையான கறைகள் வெவ்வேறு இடங்களில் விழுவதால் அடுக்கும்போது அவை கரைந்து போகும்.

400 படங்களை அடுக்கினால் இரைச்சலுக்கு எதிரான சமிக்ஞை 400இன் வர்க்கமூலம், அதாவது 20 மடங்கு உயரும். மேகம் இதைக் கெடுக்காது. 2.5 செக்கன் படம் ஒன்று பாழானால் போவது 2.5 செக்கன், ஐந்து நிமிடப் படம் பாழானால் போவது ஐந்து நிமிடம். இன்று 150, நாளை மறுநாள் 250 என்றும் சேர்க்கலாம்.

எதிர்பார்ப்பையும் அளந்து வையுங்கள். நெபுலாவின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. உங்கள் படத்தில் 6000 பிக்சல் அகலத்தில் அது 235 பிக்சல். சிறிய பூ அளவுதான். ஆனால் நிறமும் சிறகுகளும் தெளிவாகத் தெரியும்.

கொழும்பில் வானம் எப்போது திறக்கும்? எந்த மாதத்தில் எதை எடுக்கலாம்?
— வாசகி, கொட்டாஞ்சேனை

ஜனவரி முதல் மார்ச் வரை. வடகீழ் பருவப்பெயர்ச்சியின் மழை கிழக்கிலும் வடக்கிலும் கொட்டி முடிந்து, மலைநாட்டைத் தாண்டி வரும் காற்று மேற்குக் கரையில் ஓரளவு வறண்டிருக்கும். இரவு முற்ற முற்றத் தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசத் தொடங்கும். பகலில் திரண்ட மேகம் பல நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு கலையும். அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை இந்த மூன்று மாதங்களிலும் தூங்கிக் கழிக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. அப்போது மழை விட்ட மறுநாள் ஒரு மணித்தியாலம் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மழை தூசியைக் கழுவிவிடுவதால் அந்த ஒரு மணித்தியாலம் மிகத் தெளிவாக இருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை. இடி கேட்டால் உலோக முக்காலியோடு மொட்டைமாடியில் நிற்கவே கூடாது. எல்லாவற்றையும் விட்டு இறங்குங்கள்.

நாட்காட்டியில் போயா தினத்தைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்களை ஆழ்வானத்துக்கு எண்ண வேண்டாம். அமாவாசையைச் சுற்றிய பத்து நாட்கள் உங்களுடையவை.

பொருட்களைப் பொறுத்தவரை, நாம் 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பது பெரிய கொடை. ஐரோப்பியர் ஆசையோடு படத்தில் மட்டும் பார்க்கும் தென்வானம் நமக்கு எழும். ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவில் ஓரியன் நெபுலா 78 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். கார்த்திகைக் கூட்டம் அதற்கு முன்னே மேற்கு நோக்கிச் சாயும். பெப்ரவரி நடுவில் அதிகாலை 1 மணியளவில் கரைனா நெபுலா தெற்கே 23 பாகை உயரம். 4 மணியளவில் ஒமேகா சென்டாரி கோளக் கொத்து 35 பாகை உயரம். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதானால் ஒமேகா சென்டாரியை எடுங்கள். கரைனா தாழ்வாக இருப்பதால் தெஹிவளை, மொறட்டுவைப் பக்க வெளிச்சத்துக்குள் அமிழ்ந்துவிடும். மார்ச் இறுதியில் விடியப்புறம் விருச்சிகமும், அதன் வால் பக்கத்தில் எம்7 கொத்தும் தெற்கே உயர்ந்து நிற்கும்.

கொழும்பில் எந்தத் திசை இருட்டு என்பதையும் பாருங்கள். கிழக்கும் தெற்கும் நகர வெளிச்சம், வடக்கே துறைமுகம். மேற்கே கடல். அங்கே கப்பல்களின் விளக்குகளும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளும் இருந்தாலும் அதுவே மிகக் கறுத்த வானம். ஆகவே ஒரு பொருள் உச்சியைக் கடந்து மேற்கே சாயும்போது எடுங்கள். மார்ச்சில் முன்னிரவில் ஓரியன் சரியாக அந்த இடத்தில் இருக்கும். 30 பாகைக்குக் கீழே இறங்கினால் கடல் ஈரம் மூடிவிடும்.

மேகத்தை முன்கூட்டி அறிய, கைபேசியில் விண்டி செயலியில் தாழ், இடை, உயர் மேகங்களைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். “மேகம் 40 வீதம்” என்ற ஒற்றை எண் எதற்கும் உதவாது. அதற்குமேல் இரவு நேர அகச்சிவப்புச் செய்மதிப் படத்தின் கடைசி இரண்டு மணித்தியாலத்தை ஓடவிட்டுப் பார்த்தால், மேகக் கூட்டம் உங்களை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று விளங்கும். இது எந்த எதிர்வுகூறலையும்விட நம்பகமானது.

பாதி மேகத்தில் எடுத்த 300 படங்களை அப்படியே மென்பொருளில் போட்டேன். வந்தது சாம்பல் கலந்த செம்மஞ்சள் கஞ்சி. “சிக்மா கிளிப்பிங் மேகத்தை நீக்கிவிடும்” என்று வாசித்தேனே?
— வாசகர், தெஹிவளை

சிக்மா கிளிப்பிங் நீக்குவது அரிதாக வருவதை. ஒரு பிக்சலில் 300 படங்களில் 5 படத்தில் மட்டும் விமானக் கோடோ செய்மதிக் கோடோ விழுந்தால், அந்த 5 பெறுமதிகளும் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும், மென்பொருள் வெட்டிவிடும். 300இல் 140 படங்களில் மேகம் இருந்தால் மேகமே கூட்டம் ஆகிவிடுகிறது. எதை வெட்டுவது என்று கணக்குக்குத் தெரியாது. கொழும்பு மேகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: கீழேயுள்ள வீதி விளக்குகளை வாங்கித் திருப்பி அனுப்பும். இருண்ட நாட்டுப்புறத்தில் மேகம் கறுப்பாகக் கடக்கும். இங்கே ஒளிர்ந்துகொண்டு கடக்கும். அதுதான் உங்கள் கஞ்சியின் நிறம்.

ஆகவே முதலில் கழித்தல், பிறகு அடுக்குதல். இரண்டு சல்லடை போடுங்கள்.

முதலாவது கண்ணால். படங்களைச் சிறுபடங்களாக வரிசையில் விரித்து வேகமாக உருட்டுங்கள். திரள் மேகம் தடித்த வெளிச்சமாகத் தெரியும். அந்தப் படங்களை நேரே அகற்றுங்கள். மேகம் வருவதற்கு முந்திய இரண்டு மூன்று படங்களையும் அதோடு சேர்த்து அகற்றுங்கள்; மேகத்தின் மெல்லிய விளிம்பு அவற்றில் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டாவது எண்ணால். கண்ணுக்குத் தப்பும் எதிரி உயரத்துப் பஞ்சு மேகம். அதில் விண்மீன் மறையாது. வீங்கி, சுற்றிலும் ஒளிவட்டம் போடும், மங்கலானவை மட்டும் காணாமல் போகும். சிரில் என்பது படங்களை அடுக்கும் இலவச மென்பொருள். அதில் படங்களை ஒழுங்குபடுத்திய பின் வரைபுப் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு படத்துக்கும் கண்டறிந்த விண்மீன் எண்ணிக்கை, விண்மீனின் அகலம், பின்னணி வெளிச்சம் மூன்றும் கோடாக வரும். நல்ல படத்தில் 600 விண்மீன் இருந்தால் 450க்குக் கீழ் வந்தவற்றை விலக்குங்கள். பின்னணி திடீரென ஏறும் புள்ளிகளையும் விலக்குங்கள். டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இன்னொரு அடுக்கும் மென்பொருளைப் பாவிப்பவர்கள் மதிப்பெண் வரிசையில் கீழே நிற்பவற்றை நீக்கலாம், ஆனால் விண்மீன் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். மதிப்பெண் மட்டும் சில வேளை ஏமாற்றும்.

300இல் 120 மிஞ்சினால் கவலை வேண்டாம். 120இன் வர்க்கமூலம் 11, 300இனது 17. சுத்தமான 11, கலங்கிய 17ஐவிட எவ்வளவோ மேல். அடுக்கும்போது இயல்பாக்கத்தைக் “கூட்டலும் அளவீடும்” என்ற தெரிவில் வையுங்கள். மிஞ்சிய படங்களுக்கிடையே வெளிச்ச வேறுபாடு இருந்தால் அது சமப்படுத்தும். சிக்மா கிளிப்பிங்கும் அதன் பிறகு தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

ஒரு முன்னெச்சரிக்கை. சிரில் 24 மெகாபிக்சல் வண்ணப் படம் ஒன்றை 32 பிட்டில் எழுதினால் அது 288 மெகாபைட். 300 படம் 86 கிகாபைட். ஒழுங்குபடுத்திய பிரதியும் அதே அளவு. “வட்டு நிறைந்தது” என்று நடுவில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். அமைப்பில் 16 பிட் என மாற்றினால் பாதியாகும். அல்லது கழித்தலை முதலில் முடித்து மிஞ்சியதை மட்டும் கொடுங்கள்.

மேகம் வந்த நேரத்தையும் வீணாக்காதீர்கள். வில்லைக்கு மூடியைப் போட்டு, பார்வைத்துளையைக் கறுப்புத் துணியால் மறைத்து, அதே 2.5 செக்கன், அதே ஐ.எஸ்.ஓவில் 30 டார்க் படங்கள் (ஒளியே விழாத படங்கள்) எடுங்கள்; மென்பொருள் அவற்றைக் கழித்துச் சென்சரின் நிலையான கறைகளை நீக்கும். அதே வெப்பநிலையில், அதே இரவில் எடுத்த டார்க் இதைவிடச் சிறப்பாகக் கிடைக்காது.

ட்ராக்கர் வாங்கினேன். துருவ நட்சத்திரத்தை ட்ராக்கரிலுள்ள சிறு பார்வைக் குழாயில் நடுவே வைக்கச் சொல்கிறார்கள். கொழும்பில் அது தெரிவதே இல்லை. என்ன செய்வது?
— வாசகர், பம்பலப்பிட்டி

தெரியாது. கொழும்பில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான். அந்த உயரத்தில் நகரப் புகை, ஈரம், பக்கத்து மாடி எல்லாம் குறுக்கே நிற்கும். ஆனால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. கணக்கைப் பாருங்கள்: ட்ராக்கரின் அச்சு துருவத்தை விட்டு ஒரு முழுப் பாகை விலகியிருந்தால்கூட, விண்மீன் அதிகபட்சம் நிமிடத்துக்கு 16 விகலைதான் விலகும். 50 மி.மீ. வில்லையில் அது நிமிடத்துக்கு ஒரு பிக்சல். 135 மி.மீ. வில்லையில் ஒரு பிக்சல் 5.7 விகலை, 30 செக்கன் படத்தில் ஒன்றரைப் பிக்சலுக்கும் குறைவு. கொழும்பு வானத்தில் எப்/2.8இல் 30 செக்கனுக்கு மேல் திறந்தால் பின்னணி வெளிச்சமே படத்தை நிறைத்துவிடும் என்பதால் அதற்கு மேல் போகவும் மாட்டீர்கள். ஒரு பாகைத் துல்லியம் போதும். அதைப் பகலிலேயே செய்து முடிக்கலாம்.

உயரம்: முக்காலியைக் குமிழ்மட்டம் வைத்துச் சமப்படுத்தி, ட்ராக்கரின் அச்சுக்கு இணையான தட்டையான பகுதியில் கைபேசியின் சாய்வுமானியை வைத்து 6.9 பாகைக்குக் கொண்டுவாருங்கள்.

திசை: கைபேசித் திசைகாட்டியை மொட்டைமாடியில் நம்பாதீர்கள். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியும் தண்ணீர்த் தாங்கியின் இரும்புத் தாங்குசட்டமும் அதை எத்தனையோ பாகை திருப்பிவிடும். சூரியனைக் கேளுங்கள். ஒரு மீற்றர் நீளத் தடியை, நூற்குண்டு வைத்துச் சரியான நிலைக்குத்தாக நிறுத்துங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் அன்றைக்குச் சூரியன் உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து உச்சி வழியே தெற்குக்குச் செல்லும் கோடு) கடக்கும் நேரத்தைப் பாருங்கள். கொழும்பில் அது சரியாக 12 மணி அல்ல, பெப்ரவரியில் 12.25 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12க்குச் சில நிமிடம் முன்னரே வரும். அந்த நிமிடத்தில் தடியின் நிழல் விழும் கோடு தென்வடல். சோக்கால் கீறி, பின் நிலையான மையால் மேலெழுதுங்கள். ஜனவரியில் நிழல் அரை மீற்றர் நீளம் இருக்கும். அப்போது ஒரு நிமிடம் பிந்தினால் அரைப் பாகைப் பிழை, பொறுக்கலாம். ஏப்ரல் முதல் வாரங்களிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் இதைச் செய்ய வேண்டாம். சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிழலே இராது.

இரவில் முக்காலியை அந்தக் கோட்டில் வைத்தால் முடிந்தது. இன்னும் கூர்மை வேண்டுமானால், நெடிய வில்லையோடு, வான நடுக்கோட்டருகே உச்சிக்கோட்டைக் கடக்கும் விண்மீன் ஒன்றைத் தொடருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கில் எழும் விண்மீன் ஒன்றைத் தொடருங்கள்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. கணினியோடு இணைத்துப் படமெடுப்பவர்களுக்கு நினா மென்பொருளின் மூன்று புள்ளித் துருவச் சீராக்கம் உண்டு. துருவப் பகுதி தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும்.

தொலைநோக்கிக்கான பெரிய மவுன்ட் (சுழலும் தாங்கி) வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில மவுன்ட்கள் 7 பாகைக்கு இறங்கவே மாட்டா. இறங்கினாலும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். பணம் கட்டுமுன் மிகக் குறைந்த அகலக்கோடு எவ்வளவு என்று கேளுங்கள்.

அரை மணித்தியாலத்தில் வில்லை பனித்துவிடுகிறது. துடைத்தால் மறுபடி பனிக்கிறது. போன வருடம் ஒரு வில்லையில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது.
— வாசகி, முகத்துவாரம்

இவை இரண்டு வேறு நோய்கள், காரணம் ஒன்று: ஈரம்.

தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். கொழும்பு இரவுக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், இரண்டு மூன்று பாகை குளிர்ந்தாலே போதும், நீர் படியும். துடைப்பது தவறு, பூச்சைக் கீறுவதோடு கடலோரத்தில் உப்புத் துணிக்கையையும் தேய்த்துவிடும். வில்லையின் முன் வளையத்தைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி வெப்பப் பட்டி ஒன்று வாங்குங்கள். 5 வோற்று, 1 அம்பியர், அதாவது 5 வாற்று போதும். 10,000 மில்லியம்பியர் மணி பவர் பாங்க் ஒன்று ஐந்தாறு மணித்தியாலம் ஓட்டும். பட்டியைத் தொடக்கத்திலேயே இயக்குங்கள். படிந்த நீரை விரட்டுவதைவிடப் படியாமல் தடுப்பது எளிது. பட்டியைக் கட்டிச் சில நிமிடங்கள் கழித்துக் குவியத்தைப் பிடியுங்கள். சூடேறும்போது குவியம் நகரும். வில்லை மூடாக்கையும் மாட்டுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேரே மாடிக்குக் கொண்டுபோனால் உள்ளேயும் வெளியேயும் ஒரே நொடியில் வியர்க்கும். அறைக்குள்ளேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, பையோடு வெளியே 45 நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பூஞ்சணத்துக்கு, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் சிறிய ஈரமானி, 200 கிராம் சிலிக்கா ஜெல். ஈரப்பதன் 40க்கும் 50 வீதத்துக்கும் இடையே நிற்க வேண்டும். 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் பூஞ்சணம் வளரும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் 110–120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் அடுப்பில் உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம். தோல் பையில் வில்லையை வைக்காதீர்கள். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த வில்லையைப் பெட்டியில் மற்றவற்றோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம்.

ஒளிமாசு வடிகட்டி வாங்கினால் கொழும்பு வானம் கறுக்குமா? விலை மிகவும் அதிகம்.
— வாசகர், கொள்ளுப்பிட்டி

எதை எடுக்கப் போகிறீர்கள், எதை வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

பழைய சோடிய விளக்குகள் பெரும்பாலும் 589 நனோமீற்றரைச் சுற்றியே ஒளிர்ந்தன. அந்தப் பட்டையை வெட்டினால் வானம் கறுத்தது. “நகர வடிகட்டி” என்று விற்கப்பட்டவை பலவும் அந்தக் காலத்துக்கானவை. இப்போதைய வெள்ளை எல்ஈடி எல்லா நிறத்திலும் பரந்து ஒளிர்கிறது. அதை வெட்டினால் விண்மீன் ஒளியும் வெட்டுப்படும்.

இன்றைக்குப் பயன் தருவது இரட்டைக் குறும்பட்டை வடிகட்டி. 656.3 நனோமீற்றர் ஐதரசன் கோட்டையும் 500.7 நனோமீற்றர் ஒட்சிசன் கோட்டையும் சுற்றி மிகக் குறுகிய பட்டையை மட்டும் விடும். ஓரியன், கரைனா, லகூன் போன்று தாமே ஒளிரும் நெபுலாக்களுக்கு அது அற்புதம். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றிய நீலப் புகை தெறிப்பொளி. விண்மீன் மண்டலங்களும் கொத்துகளும் எல்லா நிறத்திலும் ஒளிர்பவை. அவற்றுக்கு இந்த வடிகட்டி தீமையே செய்யும்.

ட்ராக்கர் இல்லாமல் அதை வாங்கவே வேண்டாம். ஒளியில் பெரும்பகுதியை அது மறித்துவிடுவதால், ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் தேவைப்படும். முக்காலியில் நிற்கும் கமராவின் 2.5 செக்கனில் கறுப்புத்தான் வரும். அதோடு சாதாரண கமராவின் சென்சருக்கு முன்னுள்ள கண்ணாடி 656 நனோமீற்றர் சிவப்பில் கால்பங்கு அளவே விடும். ஆகவே செலவழிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: இன்டர்வலோமீட்டர், வெப்பப் பட்டி, உலர் பெட்டி, ட்ராக்கர். வடிகட்டி அதற்குப் பிறகு.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கற்பிட்டிக்கோ, மன்னாருக்கோ, றிவர்ஸ்டனுக்கோ போகும் பயணத்துக்குச் செலவிட்டாலும் நல்லது. வானப் பின்னணி 3 ஒளிப்பருமன் (வானியலாளரின் வெளிச்ச அளவு) கறுத்தால் அதன் வெளிச்சம் 16 மடங்கு குறைகிறது. அத்தகைய இடத்தில் ஒரு மணித்தியாலம், நகரத்தில் 16 மணித்தியாலத்துக்கு ஈடு. விண்மீன் மண்டலம் எடுக்க விரும்புபவருக்கு வேறு வழியும் இல்லை.

அடுக்கிய படம் முழுக்கச் செம்மஞ்சளாக இருக்கிறது, மூலைகள் இருண்டிருக்கின்றன. எங்கே பிழை?
— வாசகர், மட்டக்குளி

செம்மஞ்சள் பிழை அல்ல, நகரம். இருண்ட மூலைகள் நீங்கள் பிளாட் படம் (சீரான வெள்ளை ஒளியை மட்டும் எடுத்த படம்; மென்பொருள் அதைக் கொண்டு மூலைகளைச் சமப்படுத்தும்) எடுக்காததால். படப்பிடிப்பு முடிந்ததும் குவியத்தையும் எப் எண்ணையும் தொடாமல், வில்லையின் மேல் வெள்ளை டீசேட்டைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, வெள்ளைத் திரை காட்டும் டாப்லெட்டின் முன் வைத்து 25 படம் எடுங்கள். கமரா காட்டும் வெளிச்ச வரைபின் மேடு நடுவில் நிற்க வேண்டும். வில்லையில் பனி இருக்கும்போது எடுத்த பிளாட், இல்லாத பிளாட்டைவிடக் கேடு.

அடுக்கிய பின் வரிசை முக்கியம். முதலில் இழுபட்ட ஓரங்களை வெட்டுங்கள். அடுத்துப் பின்னணிச் சரிவை நீக்குங்கள். சிரிலிலேயே செய்யலாம், கிராக்ஸ்பேர்ட் என்ற இலவச மென்பொருளும் நன்று. மாதிரிப் புள்ளிகள் நெபுலாவின் மேல் விழாமல் பாருங்கள், விழுந்தால் நெபுலாவையும் மென்பொருள் ஒளிமாசு என்று கழித்துவிடும். அதற்குப் பின் நிறச் சீராக்கம். கடைசியில்தான் வெளிச்சத்தை உயர்த்துவது. முதலில் உயர்த்திவிட்டுப் பிறகு சரிவை நீக்கப் பார்ப்பவர்களுக்கே இந்தச் செம்மஞ்சள் திட்டுத் திட்டாக மிஞ்சும்.

மூன்று வாரமாக ஒரு விண்மீனும் தெரியவில்லை. இந்தக் காலத்தில் என்ன செய்யலாம்?
— மாணவி, வத்தளை

டார்க் நூலகம் ஒன்று கட்டுங்கள். ட்ராக்கரில் 30 செக்கன் எடுப்பவராக இருந்தால், குளிரூட்டி இல்லாத அறையில் இரவில் அதே ஐ.எஸ்.ஓவில் 30 செக்கன் டார்க் 40 எடுங்கள். சென்சர் வெப்பநிலை 6 பாகை ஏறினால் இருளோட்டம் (ஒளி இல்லாமலே சென்சரில் எழும் சமிக்ஞை) ஏறத்தாழ இரட்டிப்பாகும்; ஆகவே கோப்பில் பதிந்திருக்கும் கமரா வெப்பநிலையின்படி 28, 31, 34 எனக் கோப்புறை பிரித்து வையுங்கள். பிளாட்டை மட்டும் முன்கூட்டி எடுத்து வைக்க முடியாது. குவியம் அசைந்தால் அது பயனற்றது.

இருட்டில் கமராப் பொத்தான்களை விரலால் அறியப் பழகுங்கள். தூரத்துக் கட்டட விளக்கு ஒன்றில் குவியம் பிடித்துப் பயிலுங்கள். பழைய 300 படங்களை மறுபடி எடுத்து, விண்மீன் எண்ணிக்கையின் எல்லையை 60, 75, 90 வீதம் என மாற்றி மூன்று தடவை அடுக்கிப் பாருங்கள். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், உங்கள் மாடிக்கு எந்த எல்லை பொருந்தும் என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். முக்காலியின் கால்கள் நிற்க வேண்டிய மூன்று இடங்களையும் மாடித் தரையில் குறித்து வைத்துவிட்டால், வானம் திறக்கும் இரவில் ஐந்து நிமிடத்துக்குள் முதல் படம் ஓடத் தொடங்கும்.